மானும் நாட்டுத் துப்பாக்கியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் குறளைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் புலவர் பெருமக்கள் பேசுவது வழக்கம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்துவிட்ட என்னை அழைத்து, மானையும் துப்பாக்கியையும் பற்றிப் பேசு என்று செயற்குழுவினர் பணித்தமைக்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் கைப்பேசியில் அமெரிக்க நாட்டு வேட்டைக் காட்சிகளைப் பார்த்து வருகின்றனர். பனி மூடிய காட்டில் ஒருவன் மரத்தடியில் அமர்ந்திருக்கிறான், நீண்ட துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி, ஒரே வெடி, மான் வீழ்கிறது. இதைக் கண்ட பிள்ளைகள், "அங்கே கடையில் வாங்கி முறையாகச் சுடுகிறார்களே, எண்பது கிலோமீட்டர் தொலைவில் பந்திப்பூர் இருந்தும் நமக்கு மட்டும் ஏன் கூடாது?" என்று பெற்றோரைக் கேட்டிருக்கின்றனர். நேர்மையான கேள்வி. "கூடாதென்றால் கூடாது" என்று அதட்டி அடக்குவது முறையன்று. துப்பாக்கிகளைப் பற்றிப் பழைய நூல்களைப் படிக்கும் வழக்கம் எனக்கு உண்டென்று அறிந்தவர்கள் இப்பொறுப்பை என் தலையில் சுமத்திவிட்டனர்.

முதலில் கருவியைப் பார்ப்போம். இன்று காவலர் தோளில் காணும் துப்பாக்கிக்குத் தோட்டா பின்புறமிருந்து இடப்படுகிறது. அதற்கு முற்பட்ட துப்பாக்கியில் எல்லாம் குழலின் வாய் வழியாகவே சென்றாக வேண்டும். முதலில் அளந்த கருமருந்து. அதன்மேல் துணியோ சக்கையோ சுற்றிய ஈயக் குண்டு. பிறகு நீண்ட கம்பியால் அடிவரை இடித்து இறுக்க வேண்டும். நம் ஊர்ப்புறங்களில் நாட்டுத் துப்பாக்கி என்று வழங்குவது பெரும்பாலும் இதுவே. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்த கருமருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே மழையிலும் பனியிலும் இத்துப்பாக்கி காலை வாரிவிடும். வெடித்தாலோ வெண்புகை எழுந்து, சுட்டவன் கண்ணையே மறைக்கும். மறுபடி மருந்திட்டு இடித்து முடிக்கப் பழகிய கைக்கும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகும். மான் அதுவரை காத்திருக்குமா? ஒரே வெடிதான். தவறினால் வீடு திரும்ப வேண்டியதுதான்.

மருந்தைப் பற்றவைக்கும் முறையிலும் இருவகை உண்டு. பழையது சக்கிமுக்கிக் கல். குதிரை என்னும் உறுப்பின் வாயில் கவ்விய கல் எஃகில் மோதிப் பொறி எழுப்ப, பொறி கிண்ணத்து மருந்தில் விழ, அந்நெருப்பு துளை வழியே உள்ளே புகும். விசையை இழுப்பதற்கும் குண்டு புறப்படுவதற்கும் இடையே சிறு தாமதம். அலெக்சாண்டர் ஃபார்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பறவை வேட்டையில் விருப்பமுடையவர். அப்பொறியின் ஒளியைக் கண்டே பறவைகள் தப்பிவிடுவதை உணர்ந்து, அடித்தால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் வழியைக் கண்டு 1807-இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து பிறந்ததே செம்புத் தொப்பி. குதிரை தொப்பியின் மேல் அடித்தவுடன் உள்ளிருக்கும் மருந்து பற்றும். எங்கள் இரயில்வேயிலும் இதற்கு ஓர் உறவினர் உண்டு. பனி மூட்டத்தில் கைகாட்டி தெரியாத வேளையில், ஓட்டுநரை எச்சரிக்கத் தண்டவாளத்தின்மேல் சிறு வெடிவில்லைகளைப் பொருத்துவர். சக்கரம் ஏறியதும் படீரென வெடிக்கும். ஒன்று உயிரை எடுக்கப் பிறந்தது. மற்றொன்று உயிரைக் காக்க.

மைசூருக்கும் கருமருந்துக்கும் உள்ள பழைய உறவைத் தனியே பேச ஒரு நாள் வேண்டும். ஐதரலி, திப்பு சுல்தான் காலத்து இரும்புக்குழல் ஏவுகணைகளைப் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பர். 2018-ஆம் ஆண்டு சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில் வறண்ட கிணறு ஒன்றைத் தோண்டியபோது அத்தகைய ஏவுகணைகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. அது நிற்க.

அமெரிக்காவில் இக்காலத்திலும் இப்பழைய துப்பாக்கியை ஏன் விரும்பி வாங்குகின்றனர்? அங்கு மான் வேட்டைக்கு அரசு நாள் குறிக்கிறது. வில்லுக்கு ஒரு பருவம், சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கு ஒரு பருவம், வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்குத் தனிப் பருவம். பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமசுக்கு மறுநாள் தொடங்கிச் சனவரி வரை, மற்றவர்கள் துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்ட பிறகு, சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி ஏந்தியவர்களுக்கென ஒரு கடைப்பருவம் 1974 முதல் நடந்து வருகிறது. அப்பருவத்தில் செம்புத் தொப்பியும் கூடாது, தொலைநோக்கியும் கூடாது. கொலராடோ மாநிலத்திலும் வாய்வழித் துப்பாக்கிப் பருவத்தில் குழல்மேல் தொலைநோக்கி வைப்பதற்குத் தடை. வேறு பல மாநிலங்கள் இரண்டையும் விட்டுக்கொடுத்துவிட்டன.

விட்டுக்கொடுத்த இடத்தில்தான் கருவியைத் தேர்ந்தெடுக்கும் குழப்பம் தொடங்குகிறது. 1985-இல் டோனி நைட் என்பவர், பற்றவைப்பானைக் குழலுக்கு நேர் பின்னால் வைத்த புதுமாதிரித் துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தோற்றத்திலும் ஓட்டத்திலும் அது இக்காலத் துப்பாக்கிதான். மருந்து மட்டும் வாய் வழியே. ஈரம் புகுவது குறைந்தது; குறியின் தூரம் கூடிற்று. பழைய உருண்டைக் குண்டு நூறு கஜத்துக்குள் நம்பத்தக்கது. புதிய கருவிக்காரர் இருநூறு கஜம் பேசுகின்றனர்.

வாங்குவோர் பார்க்க வேண்டியவை சில. குழலின் வாய் அரை அங்குல அகலமுடையதே மானுக்குப் பெரும்பாலும் விரும்பப்படுகிறது. குழலின் உட்புறத்தில் திருகுபோல் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டைச் சுழற்றி நேரே அனுப்புவது அவ்வரிகளே. உருண்டைக் குண்டுக்கு மெல்லத் திரும்பும் வரி வேண்டும்; 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது போல. நீண்ட கூர்ங்குண்டுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என விரைந்து திரும்ப வேண்டும். இதை அறியாமல் குழல் ஒன்று, குண்டு ஒன்று என்று வாங்கியவன் மரத்தையும் சுட மாட்டான், மானையும் சுட மாட்டான்.

தொலைநோக்கியில் ஒரு கணக்கு உண்டு. இதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும், பின்னால் நமக்கும் பயன்படும். தொலைநோக்கியின் மேல் 3–9×40 என்று பொறித்திருப்பர். பெருக்கம் மூன்று முதல் ஒன்பது மடங்கு. முன்கண்ணாடியின் அகலம் 40 மில்லிமீட்டர். அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். ஒன்பது மடங்கில் பார்த்தால் நாலரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நான்கு மடங்கில் பத்து. அந்தி மயங்கும் நேரத்தில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர் விரியும். என் போன்றவர்க்கு அவ்வளவு விரியாது. ஆகவே மங்கல் ஒளியில் பெரிதாகக் காட்டுவதைவிடச் சிறிதாகக் காட்டுவதே தெளிவாகக் காட்டும். மான்கள் வெளிப்படுவது அந்தியிலும் விடியலிலும் அன்றோ? அதனால்தான் அனுபவமுடையோர் பெருக்கத்தைக் குறைத்தே வைப்பர். துப்பாக்கியின் உதைப்பு புருவத்தைக் கிழிக்காதிருக்க, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நான்கு அங்குல இடைவெளி வேண்டும். குளிரில் உட்புறம் ஆவி படியாதிருக்க உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பி அடைத்ததாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் அறிந்தபின் என் கருத்தைக் கேட்டால், பென்சில்வேனியாக்காரர் பக்கமே நான் நிற்பேன். ஒரே வெடி, கண்ணளவு தூரம், ஈரமானால் தோல்வி என்ற குறைகளுக்காகவே அத்துப்பாக்கிக்குத் தனிப் பருவம் கொடுத்தனர். அக்குறைகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டுத் தனிப் பருவத்தை மட்டும் வைத்துக்கொள்வது, ஊனமுற்றோர் பெட்டியில் ஓட்டப்பந்தய வீரன் ஏறி அமர்வதைப் போன்றது.

இனி, பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருவோம். அங்கே கூடுவது இங்கே ஏன் கூடாது?

அமெரிக்காவின் வெள்ளைவால் மான் கார்த்திகை வாக்கில், நவம்பரில், கூடும். குட்டிகள் மே கடைசியிலும் சூனிலும் பிறக்கும். எனவே டிசம்பர், சனவரி என்பது குட்டிகள் தாய்ப்பால் மறந்து வளர்ந்துவிட்ட காலம். பருவம் என்று ஒன்றைக் குறிக்க அங்கே இயற்கையே இடம் தருகிறது. நம் புள்ளிமானுக்கு அத்தகைய கணக்கு இல்லை. அதன் குட்டிகள் சில மாதங்களில் மிகுதியாகப் பிறந்தாலும், பிறக்காத மாதம் என்று ஒன்று இல்லை. சினைக்காலம் ஏறத்தாழ எட்டு மாதம். எந்த நாளில் பெட்டையைச் சுட்டாலும் வயிற்றிலோ புதரிலோ ஒரு குட்டி இருக்கக்கூடும். கன்னட அன்பர்கள் கடவெ என்று அழைக்கும் கடமானின் செய்தி சற்று வேறு. அது பெரும்பாலும் குளிர்காலத்தில் கூடி மழைக்காலத் தொடக்கத்தில் ஈனும். எனினும் இரண்டும் ஒரே காட்டில் ஒரே குளத்தில்தான் நீர் குடிக்கின்றன.

அந்தக் குளத்தைப் பற்றி ஒரு சொல். நம் பக்கத்துக் காடுகளில் கடைப்பருவம் என்றால் பனியன்று. மாசி, பங்குனி, சித்திரை மாதங்களின் வறட்சி. இலை உதிர்ந்து மறைவு இல்லாமற்போகும். ஓடைகள் வற்றி, எஞ்சிய ஒன்றிரண்டு நீர்நிலைகளுக்கு எல்லா உயிரும் வந்தாக வேண்டும். அங்கே மரத்தில் பரண் கட்டி அமர்ந்தவனுக்குத் தொலைநோக்கியும் வேண்டா, குறியும் வேண்டா. தாகத்துக்கு வந்த உயிரை நீர்க்கரையில் கொல்வதை வேட்டை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மற்றொரு வேற்றுமை இதனினும் பெரிது. அமெரிக்காவின் பெரும் பகுதியில் ஓநாயையும் மலைச் சிங்கத்தையும் முன்னோர் ஒழித்துவிட்டனர். மான்களையும் ஏறக்குறைய ஒழித்தனர். 1900-ஐ ஒட்டிச் சில இலட்சங்களே எஞ்சின. பிறகு சட்டமிட்டுக் காத்தபோது, தின்ன விலங்கின்றி அவை கோடிக்கணக்கில் பெருகி, பயிரையும் இளங்காட்டையும் மேய்ந்து தீர்க்கின்றன. சாலையில் வண்டிகளில் மோதுகின்றன. ஆகவே ஓநாயின் வேலையை அங்கே மனிதன், உரிமச் சீட்டு வாங்கி, எண்ணிக்கைக்கு உட்பட்டு, செம்மஞ்சள் சட்டை அணிந்து செய்கிறான். 1937-இல் இயற்றிய சட்டப்படி, அவன் வாங்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் செலுத்தும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கே செல்கிறது. இங்கோ வேலைக்காரர்கள் உயிரோடு இருக்கின்றனர். புலி, சிறுத்தை, செந்நாய் என்ற மூவரும் மான்களை நம்பியே வாழ்கின்றனர். நாகரஹொளெயில் நெடுங்காலம் ஆய்வு செய்த உல்லாஸ் காரந்த் அவர்கள், ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது மான் அளவு இரை வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னார். அந்த ஐம்பதில் நாம் கை வைத்தால் புலி எங்கே போகும்? காட்டோரத்து மாட்டுக் கொட்டகைக்குத்தான். அதற்குப் பின் நடப்பவற்றை நம் மாவட்டத்துச் செய்தித்தாளில் படித்து வருகிறோம்.

நம் முன்னோர் சுடவில்லையா என்பீர்கள். சுட்டனர், மிகுதியாகவே சுட்டனர். மைசூர் அரசர்களின் வேட்டைக் காடுகளாக இருந்தவையே இன்றைய புலிகள் காப்பகங்கள். சுட்ட விலங்குகளைப் பாடம் செய்து உயிருள்ளவை போல் நிறுத்தித் தந்த வான் இங்கன் குழுமம், 1900-ஐ ஒட்டி இந்த மைசூரில் தொடங்கி உலகப் புகழ் பெற்றது. பாடம் செய்ய விலங்கு வருவது நின்றுபோக, 1999-இல் கதவை மூடிற்று. சுடுவதற்கு எல்லை வேண்டும் என்பதைச் சுட்டவர்களே முதலில் உணர்ந்தனர் என்பது வியப்புக்குரியது. நீலகிரியில் கடமான் குறைந்து வருவதைக் கண்டு, 1879-இல் சென்னை அரசு வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, உரிமச் சீட்டும் தடைப் பருவமும் கொண்டுவந்தது. மைசூர் சமஸ்தானமும் 1901-இல் அத்தகைய ஒழுங்குமுறை செய்தது. 1941-இல் பந்திப்பூரில் வேணுகோபால வனவிலங்குப் பூங்கா ஏற்பட்டது. 1973-இல் அங்கே புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, 1972-இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டத்திலும் முதலில் சிறு இடைவெளி இருந்தது. சில விலங்குகளுக்கு உரிமச் சீட்டு பெறலாம். 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. இன்று இந்நாட்டில் மானை வேட்டையாடப் பருவமும் இல்லை, சீட்டும் இல்லை.

துப்பாக்கிச் சட்டத்தில் ஒரு விந்தை உண்டு. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், உரிமம் வழங்கும் பிரிவில், வாய்வழி மருந்திடும் துப்பாக்கியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எதற்காக? உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக. உழவன் இரவில் பரணில் இருந்து வெடிக்க, ஓசை கேட்டுப் பன்றியும் யானையும் விலகும் என்பது அதன் கருத்து. அந்தத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். அதை மான்மேல் திருப்பினால் உரிமமும் காக்காது.

இவ்விடத்தில் என் உறவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டா. மலையோரத்தில், தமிழ்நாட்டுப் பக்கம், இரண்டு ஏக்கர் கேழ்வரகு பயிரிடும் குடும்பம். பன்றித் தொல்லை மெய்யானதே. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவ்வூரில் கை மாறி வந்தது; உள்ளூர்க் கொல்லர் தண்ணீர்க் குழாயை வைத்துச் செய்தது. வீட்டின் இளையமகன் அதை இரவல் வாங்கினான். முதலில் ஓசைக்கு. பிறகு பட்டணத்திலிருந்து வந்த ஒருவர், "பன்றிக்கு வெடிப்பதை ஒரு மானுக்கு வெடி, நான் விலை தருகிறேன்" என்றார். பங்குனி மாதம், குளக்கரை. விழுந்தது பெட்டை மான். அறுத்தபோது உள்ளே முழு உருவான குட்டி இருந்தது. கறி கூடையில் மலை இறங்கும்போது சோதனையில் பிடிபட்டது. விலை தருவதாகச் சொன்னவரை அதன்பின் அவ்வூரில் யாரும் காணவில்லை. பிள்ளை சிறை சென்றான். கறி சுமந்த சித்தப்பாவும் சென்றார். பிணையில் வந்தபின் ஆண்டுக்கணக்கில் வாய்தா. ஒரு ஏக்கர் நிலம் வழக்கறிஞருக்குப் போயிற்று. அவன் தம்பி நன்றாகப் படித்து அரசுத் தேர்வு எழுதித் தேறினான். காவல்துறைச் சரிபார்ப்பு வரும் நாளில், குடும்பத்தின் மேலிருந்த வழக்கைப் பற்றி என்ன சொல்வதென்று அவன் தாய் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அழுததை நான் கண்டேன். தம்பியின் பெயர் வழக்கில் இல்லாமையால் வேலை கிடைத்துவிட்டது. அண்ணனுக்கு இன்றுவரை பெண் கொடுப்பார் இல்லை.

சட்டம் சொல்வதைத் தெளிவாகவே சொல்கிறேன். காப்பகத்துக்குள் வேட்டையாடியவனுக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுவரை சிறை. இறந்த மானும் அதன் கறியும் கொம்பும் அரசின் உடைமை. வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். ஏற்றிவந்த வண்டியும் பறிபோகும். நம் குடியிருப்புக் குடும்பங்களில் பலருக்கும் தாளவாடி, சத்தியமங்கலம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் உறவு உண்டு. ஊர்த் திருவிழாவுக்குப் போகுமிடத்தில், "உங்களுக்காகவே வாங்கி வைத்தோம்" என்று யாரேனும் இலையில் மான் கறி பரிமாறினால், விருந்தை மறுப்பது அநாகரிகம் என்று கருத வேண்டா. பட்டணத்து உறவினர் விரும்புவர் என்ற எண்ணத்தாலேயே அது வாங்கப்படுகிறது. வெடித்தவன் கைக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய்.

அத்தகைய துப்பாக்கி சுடுபவனையே சுடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் குழாய் தண்ணீருக்காகச் செய்யப்பட்டது. அதன் பக்கவாட்டு இணைப்பு, மருந்தின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்ற கணக்கில் செய்யப்பட்டதன்று. ஏற்கெனவே மருந்திட்டிருப்பதை மறந்து மேலும் ஒருமுறை இட்டால் குழல் பிளந்து இடக்கை போகும். நல்ல துப்பாக்கி வைத்திருப்போர் இதற்கு ஓர் எளிய வழி கைக்கொள்வர். வெறுங்குழலில் கம்பியை அடிவரை விட்டு, வாயருகே கம்பியில் ஒரு கோடு கீறி வைப்பர். மறுமுறை கம்பியை விடும்போது கோடு மேலே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறதென்று பொருள்.

இக்கோட்டை எனக்குக் காட்டியவர் விராஜ்பேட்டையில் வாழும் கொடவ நண்பர். இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் பாட்டனார் காலத்துத் தொப்பித் துப்பாக்கி ஒன்று உள்ளது. கொடகு நாட்டின் செய்தி தனிச் சிறப்புடையது. 1857-க்குப் பின் ஆங்கிலேயர் நாடெங்கும் மக்களிடமிருந்து படைக்கலங்களைப் பறித்தபோது, 1861-இல் கொடவர்களுக்கு மட்டும் விலக்களித்தனர். விடுதலைக்குப் பின் 1963-இல் இந்திய அரசும் கொடவ இனத்தவர்க்கும் ஜம்மா நிலமுடையோர்க்கும் அவ்விலக்கைத் தொடர்ந்தது. 2019-இல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. ஆக, உரிமமின்றித் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் மக்கள் நமக்கு இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில், காட்டின் நடுவிலேயே வாழ்கின்றனர்.

அவர்கள் அதை வைத்து என்ன செய்கின்றனர்? செப்டம்பர் 3-ஆம் நாள் கைல்போள்து என்னும் படைக்கல விழா. நாற்று நடவுக் காலத்தில் வீட்டின் வழிபாட்டறையில் வைத்த துப்பாக்கியையும் கத்தியையும் நடவு முடிந்தபின் எடுத்துத் துடைத்துப் பூச்சூட்டி வணங்குவர். முற்காலத்தில் அந்நாள் வேட்டைப் பருவத்தின் தொடக்கம். துப்பாக்கிக்கு அவர்கள் சூட்டும் பூவுக்குத் தோக்குப்பூ என்று பெயர். கொடவ மொழியில் தோக்கு என்றால் துப்பாக்கி. அப்பூவை நண்பர் வீட்டில் கண்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. அது வேறொன்றுமன்று, நம் செங்காந்தள்! சங்கப் புலவர் குறிஞ்சி நிலத்தில் கண்டு பாடிய பூ. இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பூ. மானைக் கண்டாயா என்று கேட்டு வள்ளியின் தினைப்புனத்துக்கு வேடனாக வந்த முருகனுக்கு உரிய பூ அன்றோ அது? மானைத் தேடிப் போன கதை நம்மிடம் இரண்டுண்டு. முருகனுக்குத் திருமணத்தில் முடிந்தது. இராமனுக்குப் பிரிவில் முடிந்தது. பூவைத் துப்பாக்கியில் சூட்டும் கதை கொடவரிடம் மட்டுமே உண்டு.

வேட்டை தடுக்கப்பட்டபின் அவ்விழா அழிந்துவிடவில்லை. உயர்ந்த மரத்தின் உச்சியில் தேங்காயைக் கட்டித் தொங்கவிட்டுக் குறி பார்த்துச் சுடும் போட்டி நடக்கிறது; பெண்களும் முன்வந்து சுடுகின்றனர். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி. இறப்பென்றால் அடுத்தடுத்து இரண்டு வெடி. புத்தரி அறுவடை நாளில் முதல் கதிர் அறுக்கும்போது ஒரு வெடி. "தாத்தா இதே துப்பாக்கியால் கடவெ சுட்டார், நான் தேங்காய் சுடுகிறேன். காற்றில் ஆடும் தேங்காய்தான் கடினம்" என்றார் நண்பர். கொடகிலும் களவு வேட்டை அடியோடு இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. வழக்குகள் அங்கும் உண்டு. ஆனால் கருவியையும் மரபையும் கைவிடாமல் மானை மட்டும் விட்டுவிட ஒரு வழி இருக்கிறதென்று அத்தேங்காய் காட்டுகிறது.

பிள்ளைகளுக்கு மற்றொன்று. குறி பார்க்கும் தொலைநோக்கியைப் பற்றிச் சொன்ன கணக்கு, இருகண் தொலைநோக்கிக்கும் அப்படியே பொருந்தும். 8×40 என்று பொறித்ததை வாங்கினால் கண்ணுக்கு வரும் ஒளி ஐந்து மில்லிமீட்டர்; அந்தியில் மான் பார்க்கப் போதும். 20×50 என்று பெரிய எண்ணைக் கண்டு மயங்கி வாங்காதீர்கள். இரண்டரை மில்லிமீட்டர்தான் கிடைக்கும், கையும் நடுங்கும். இதற்கு உரிமமும் வேண்டா, காவல்துறைச் சரிபார்ப்பும் வேண்டா. குண்டலுப்பேட்டை தாண்டி உதகை செல்லும் சாலையில் பகல் நேரப் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்தாலே புள்ளிமான் கூட்டம் கண்ணில் படும். 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணிவரை அச்சாலையில் பொதுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், மாலையில் திரும்புவோர் நேரம் பார்த்துப் புறப்பட வேண்டும்.

வரும் செப்டம்பர் 3 அன்று கைல்போள்து காண விராஜ்பேட்டை நண்பர் நம் சங்கத்தாரை அழைத்திருக்கிறார். தேங்காய் சுடும் போட்டியைப் பார்க்கலாம். சுட நமக்கு இடமில்லை. இருபது பேருக்கு வண்டி அமர்த்த எண்ணம். வர விரும்பும் குடும்பத்தார் விழா முடிந்ததும் பொருளாளரிடம் பெயர் கொடுக்கவும். குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை கொண்டுவரவும். அங்கே அப்போது மழை விட்டிருக்காது.